கூட்டி வைத்த கடிகாரம்

மூன்றாவது தீவிலும் அவர்கள்தான் முதலில் திரும்பி வந்தார்கள். கப்பல் ஏணிக்குக் கீழே பைகளைச் சோதிக்கும் பெண் தன் மேஜையைத் துடைத்துக்கூட முடித்திருக்கவில்லை. காலையில் கையசைத்து அனுப்பிவைத்த அதே இரண்டு பேர் அதற்குள் வேர்த்து விறுவிறுத்து எதிரே வந்து நிற்பதைப் பார்த்து, "எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். பாவம், நல்ல மனசோடுதான் கேட்டாள். விசில் டீச்சருக்கு அந்த மேஜையை அப்படியே தூக்கிக் கடலில் வீசலாமா என்று இருந்தது.

"ஆமா. தீவைப் பார்க்க மறந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள்.

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறிவந்த கணவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். "பாரு, பதறாம வந்து சேர்ந்தாச்சு. இப்போ எவ்வளவு நிம்மதியா இருக்கு" என்றார். அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவர் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க ஒரு கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வண்டிகளை ஒவ்வொன்றாக "ரைட்" சொல்லி அனுப்புவது அவர் வேலை. அந்தக் கூண்டில் மாட்டியிருந்த கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் கூட்டி வைக்கப்பட்டிருக்கும். கூட்டி வைத்தால்தான் டிரைவர்கள் டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்து வருவார்களாம். டிரைவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா என்ன? கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று தெரிந்ததும் மனசுக்குள் பத்தைக் கழித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்கள். இவர் முள்ளை இன்னும் கொஞ்சம் தள்ளினார். அவர்கள் இன்னும் கொஞ்சம் கழித்தார்கள். கடைசியில் அந்தப் பேருந்து நிலையத்தில் சரியான நேரம் பயணிகளுக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிலைமை வந்தது. அவர்களை யார் கேட்டார்கள்?

அந்த வியாதி வீட்டுக்கும் தொற்றியது. வீட்டுக் கடிகாரம், அலாரம், அவர் கையில் கட்டியிருக்கும் பழைய சாவி வாட்ச், எல்லாம் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடும். கல்யாணம் என்று போனால் மண்டபத்தைப் பெருக்குகிறவர்கள் இவர்கள் காலைத் தூக்கச் சொல்லிப் பெருக்குவார்கள். ரயிலுக்குப் போனால் அதற்கு முந்தைய ரயிலையும் வழியனுப்பிவிட்டுத்தான் ஏறுவார்கள். "வண்டி யாருக்காகவும் நிக்காது" என்பார் டைம்கீப்பர். கைக்குழந்தையோடு ஓடிவந்த ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே "ரைட்" சொன்ன மனிதர். அதைப் பெருமையாக வேறு சொல்லித் தொலைப்பார்.

அவளுக்கு விசில் டீச்சர் என்று பெயர் வைத்தவர்கள் பெண்கள் பள்ளி மாணவிகள். அங்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். ஆனால் தண்ணீருக்கு அடியில் விசில் கேட்காது. முங்கிக் கிடக்கிறவளை மேலே கூப்பிட வேண்டுமென்றால், குளத்தின் ஓரத்தில் மண்டி போட்டு, உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீரை ஓங்கி ஓர் அடி அடிப்பாள். அந்த 'தொம்' தண்ணீருக்கு அடியில் இருக்கிறவளின் காதில் போய் விழும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவாள். நீல ஓடு பதித்த நாலு சுவர், கண்ணை எரிக்கும் குளோரின், கையைக் குவித்து ஓர் அடி. அவள் காலமெல்லாம் பார்த்த தண்ணீர் அவ்வளவுதான். தண்ணீரோடு குடித்தனம் நடத்தியதால் வாட்ச் கட்டும் பழக்கமும் இல்லை. நேரம் என்றால் கணவர் சொல்வதுதான். அதில் பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்வாள்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததைப் போட்டு இந்தக் கப்பலில் ஏறினார்கள். நீண்ட பயணம், வழி நெடுகத் தீவுகள், ஒவ்வொன்றிலும் இறங்கி அந்த மக்களின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். டீச்சர் அதை நம்பினாள். கூட யார் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டாள்.

முதல் தீவில் ஆற்றின் மேலேயே சந்தை கூடும் என்றார்கள். படகிலிருந்து படகுக்குக் கை மாறும் காய்கறிகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகப் போனாள். முதல் படகு வந்து கரையில் கயிறு கட்டுவதற்குள் "நேரமாச்சு" என்றார். இரண்டாவது தீவில் ஒரு நடனம். ஆடுகிறவர்கள் முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பாதி முகம்தான் முடிந்திருந்தது. அந்தப் பாதி முகத்தோடு அவர் இவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான் நடனம். மூன்றாவது தீவில் புகை கக்கும் மலை. மலை எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை, உண்மைதான். ஆனால் இவர்கள் ஓடினார்கள்.

இதற்கெல்லாம் மேலே எதிர்க் கேபின் நர்ஸம்மா. அவளும் ஓய்வு பெற்றவள்தான், தனியாக வந்திருந்தாள். ஒவ்வொரு மாலையும் கழுத்தில் புதிதாக ஒரு சிப்பி மாலையோடும், தலையில் யாரோ வைத்துவிட்ட பூவோடும் சாப்பாட்டு மேஜைக்கு வருவாள். "அந்த ஆட்டத்துல கடைசியில நம்மளையும் இழுத்து விட்டுட்டாங்க டீச்சர், ஐயோ, இடுப்பு போச்சு! நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க? காணோமே?" என்பாள்.

"நாங்க பின்னாடி இருந்தோம்" என்று டைம்கீப்பர் சொல்லுவார். டீச்சர் தட்டில் இருப்பதைக் கரண்டியால் நசுக்குவாள்.

நாலாவது தீவுக்கு முந்தின நாள் கப்பலின் பெரிய கூடத்தில் படம் காட்டினார்கள். தீவின் மறுபக்கத்தில், மலையைத் தாண்டி, ஒரு சின்ன வளைகுடா. அங்கே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றுகொண்டு உள்ளங்கையால் கடலை அடித்தார்கள். மேளம் இல்லை, தோல் இல்லை, குச்சி இல்லை. வெறும் கை, வெறும் தண்ணீர். தொம் என்று ஒரு பக்கம் எழும்பியது, தக்கத் தக்க என்று இன்னொரு பக்கம் பதில் சொன்னது. விருப்பப்பட்டு வருகிறவர்களையும் வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள் என்றான் படம் காட்டியவன்.

டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை தானாகவே குவிந்துவிட்டது. இந்த அடி தனக்குத் தெரிந்த அடி. வாழ்நாள் முழுக்கக் குளத்தின் ஓரத்தில் தனியாக மண்டி போட்டு அடித்ததை இங்கே ஒரு கூட்டமே நின்று பாட்டாக அடிக்கிறது.

"அந்த வரிசையிலே நான் நிக்கணும்" என்றாள், இருட்டில்.

"பார்க்கலாம்" என்றார் அவர்.

"பார்க்கலாம் இல்லை. இந்த ஒண்ணு மட்டும். இதுக்கு மேலே உங்களை எதுவும் கேட்க மாட்டேன். மத்த தீவெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. "சரிம்மா. கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

கப்பல்காரர்கள் அத்தனை தூரத்துக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யவில்லை. "தனியா போறீங்களா? பார்த்துப் போங்க. கப்பல் கூட்டிட்டுப் போற வண்டி லேட்டானா காத்திருப்பாங்க. நாமளா போய் லேட்டானா விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றாள் நர்ஸம்மா.

"நாங்க லேட்டாறதா?" என்று டைம்கீப்பர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கே அவரை ஒரு தரம் விட்டுவிட்டுப் போகலாம்.

மறுநாள் காலையில் டீச்சர் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள், கட்டிலின் ஓரத்தில், அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாட்சின் திருகை இழுப்பது தெரிந்தது. திருகினார். இன்னும் திருகினார். பெரிய முள் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. பிறகு திருகை அமுக்கிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

சீப்பு அவள் தலையிலேயே நின்றுவிட்டது.

பத்து நிமிடம் இல்லை. ஒரு மணி நேரம். அவள் பாட்டுக்குப் பத்தைக் கழித்துக்கொண்டிருந்தாள், மனுஷன் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படகுச் சந்தை, அந்தப் பாதி முகம், அந்த மலை உச்சி, எல்லாம் அந்தத் திருகுக்குள் போய்விட்டது. கல்யாணமானதிலிருந்து வீட்டில் இன்னும் எத்தனை இடத்தில் எத்தனை கூட்டினார் என்று அவளுக்கு யோசிக்கவே பயமாக இருந்தது. கத்தினால் என்ன? கத்தலாம். கத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "அப்போ நான் வரலை, நீயும் போக வேணாம்" என்பார். வளைகுடாவும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னலை முடித்தாள்.

துறைமுகத்துக்கு வெளியே வாடகை வேன் ஒன்று பிடித்தார்கள். டிரைவர் வாட்டசாட்டமான ஆள், கப்பல் பயணிகளோடு பேசிப் பேசி எல்லார் மொழியிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்று வைத்திருந்தான். "எந்தக் கப்பல் எப்போ கிளம்பும்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்ற நேரத்துக்குக் கொண்டு வந்து விட்டுடுவேன்" என்றான்.

"அதை என்கிட்ட விட்டுடு" என்றார் டைம்கீப்பர்.

ஆனால் மலைப் பாதை அவரிடம் எதையும் விடவில்லை. வாழ்நாள் முழுக்க வண்டிகளை அனுப்பிவைத்த மனிதருக்கு வண்டியில் உட்கார்ந்தால் குமட்டும் என்பதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? கிளம்பும்போதே மாத்திரை போட்டுக்கொண்டார். கை வேர்த்து வாட்ச் பட்டைக்கு அடியில் அரிக்கிறது என்று வாட்சைக் கழற்றி, கடைசியாக ஒரு தரம் நேரத்தைப் பார்த்துவிட்டு, அவள் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோ. நான் தூங்க மாட்டேன், சும்மா கண்ணை மூடிக்கறேன். கண்ணை மூடிட்டே நேரம் சொல்ற ஆளு நான்" என்றார். இரண்டாவது வளைவிலேயே வாய் திறந்துகொண்டது. குறட்டை வந்தது.

அவள் கையில் வாட்ச் துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவள் இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததே இல்லை.

பாதை நீளமானதுதான். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஒரு முழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடினார்கள். கீழே கடல் தெரிய ஆரம்பித்தபோது, டிரைவர் இருக்கைப் பக்கமாகக் குனிந்து, "தம்பி, சரியான நேரம் என்ன?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் தன் போனைத் தூக்கிக் காட்டினான். அவள் திருகை இழுத்தாள். அவர் கூட்டியதை எல்லாம், பழைய பத்து நிமிடத்தையும் சேர்த்துக் குறைத்தாள். திருட்டு வேலைதான். ஆனால் திருடினவரிடமிருந்து திரும்ப எடுப்பதற்குப் பெயர் என்ன? முள் சரியான நேரத்துக்கு வந்ததும் திருகை அமுக்கினாள். திரும்பிப் போக எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் மனசுக்குள் ஒரு தரம் கணக்குப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரு முழு மதியம் கிடைத்தது.

வேன் நின்றதும் அவர் விழித்து, கையை நீட்டினார். அவளே கட்டிவிட்டாள். பார்த்தார். "அட, நான் கண்ணை மூடினப்போ இருந்த நேரம்தான் கிட்டத்தட்ட" என்றார்.

"கண்ணை மூடித் திறந்தீங்க. அதுக்குள்ள வந்துட்டோம்."

"நான்தான் சொன்னேனே! தூரம், மலைப் பாதைன்னு சும்மா பயமுறுத்தறாங்க. இத்தனூண்டு தூரம்!" என்று குஷியாக இறங்கினார்.

மணலில், மரநிழலில், பெண்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லா வயதிலும் இருந்தார்கள். நடுவில் இருந்தவள் பெரிய உடம்புக்காரி, அதைவிடப் பெரிய சிரிப்புக்காரி. டிரைவர் விஷயத்தைச் சொன்னதும், அவள் டீச்சரின் வலது கையைப் பிடித்து இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். டீச்சர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். பெரியவள் அவள் கட்டை விரலை லேசாக உள்ளே அழுத்திச் சரிசெய்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"தண்ணியிலே வேலை பார்த்த கைன்னு சொல்றாங்க. வரிசையிலே இடம் உண்டாம்" என்றான் டிரைவர்.

பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசாரம் நடத்தி, சால்வை போர்த்தி, ஏழு பேர் பேசினார்கள். அந்த ஏழு பேச்சும் இந்த ஒரு வரிக்கு ஈடாகவில்லை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் தண்ணீர் வரவில்லை. கடல் உள்ளே வாங்கியிருந்தது. எதிரே ஒரு மணல் திட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டு முங்கி, தண்ணீர் இடுப்பளவுக்கு வந்த பிறகு அடித்தால்தான் சத்தம் பிறக்கும் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்குப் பெரியவள் கடலைப் பார்த்தாள், தோளைக் குலுக்கினாள். அது வரும்போது வரும்.

காத்திருந்தார்கள். பெண்கள் கதையைத் தொடர்ந்தார்கள். முன்காலத்தில், படகில் போன ஆண்களைக் கரைக்குக் கூப்பிடத்தான் இப்படி அடிக்க ஆரம்பித்தார்களாம். ஒவ்வொருத்திக்கும் ஓர் அடி. தன் வீட்டு அடி எது என்று அவனவனுக்குத் தெரியுமாம்.

"வரலைன்னா?" என்று டீச்சர் கேட்டாள்.

"இன்னும் பலமா அடிப்போம். ஊருக்கே கேட்கும், மானம் போயிடும்னு வந்துடுவான்" என்று பெரியவள் சொன்னாளாம். டிரைவர் அதை மொழிபெயர்க்கும்போதே வெட்கப்பட்டான். "உன் வீட்டுக்காரனைக் கூப்பிட உன் அடி எதுன்னு கேட்கறாங்கம்மா."

"எங்க வீட்டுக்காரர் கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து நிப்பார்னு சொல்லு" என்றாள் டீச்சர். கூட்டம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. கொஞ்சம் தள்ளிக் கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த டைம்கீப்பரும், என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

நேரம் போனது. தண்ணீர் மணல் திட்டின் ஓரத்தை நக்கிவிட்டுத் திரும்பிப் போனது. டீச்சர் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். மறுபடி மணிக்கட்டு. சீ, நானும் இவரைப் போலவே ஆகிவிட்டேனே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மூன்று தீவாக அவர் கையில் இருந்த பயம் இப்போது அவள் வயிற்றுக்குள் குடியேறிவிட்டது. அவருக்கு அது இல்லை. காலை நீட்டிக்கொண்டு, கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் பாதித் திட்டை மூடியபோது, அவள் போட்டு வைத்திருந்த கணக்கு முடிந்தது. இப்போது கிளம்பினால்தான் கப்பலைப் பிடிக்கலாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதையும் தாண்டினாள். திட்டின் உச்சி மட்டும் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. இனி வேனைப் பறக்கவிட்டால்தான் உண்டு.

பாஸ்போர்ட், போன், அவருடைய ரத்த அழுத்த மாத்திரை, எல்லாம் கேபின் அலமாரியில் இருந்தன. பூட்டிவைத்தது அவர்தான். ஆனால் பூட்டியதற்குள் இருப்பது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே. யார் மேல் கோபப்படுவது? அவர் மேல் பட்டுப் பட்டுச் சலித்துவிட்டது. இன்றைக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. கடல் செய்தது. கடலைப் போய் யார் என்ன கேட்பது? எழுந்தாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். செருப்பைத் தேடி மாட்டினாள்.

"ஏன் எழுந்துட்டே?" என்றார் அவர்.

"கிளம்பலாம்."

"என்னது?"

"நேரமாச்சுங்க. கிளம்பலாம்." அந்த வார்த்தையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அதற்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

டைம்கீப்பர் எழுந்திருக்கவில்லை. வாட்சைப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில், திருட்டுத்தனம் செய்துவிட்டு அதையே பரிசாகக் கொடுக்க வருகிற ஒரு பையனின் சிரிப்பு இருந்தது.

"உட்காரு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றார். "இந்த வாட்ச்ல ஒரு மணி நேரம் கூட்டி வச்சிருக்கேன்."

அவள் செருப்போடு அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"எல்லாத் தீவிலேயும் அப்படித்தான் வச்சேன். பயம், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய கப்பலை ஆட்டோ பிடிச்சா துரத்த முடியும்? ஆனா மூணு தீவா உன் மூஞ்சியைப் பார்க்க முடியலை. நேத்துப் படம் பார்த்துட்டு வந்து ராத்திரி தூக்கத்துலகூட கையைக் குவிச்சு மெத்தையை அடிச்சே. நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன்." வாட்சைத் தட்டிக் காட்டினார். "அதனால இன்னிக்குக் கூட்டி வச்சதை உனக்குன்னே வச்சிருக்கேன். வாட்ச்படி பார்த்தா இப்போ நேரம் முடிஞ்சு போச்சு. ஆனா நிஜத்துல நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் முழுசா கிடக்கு. வந்த தூரமும் இத்தனூண்டுதான். போ. போய் நில்லு. நேரம் இருக்கு."

நேரம் இருக்கு. இந்த இரண்டு வார்த்தைக்காக அவள் எத்தனை கல்யாண மண்டபத்தில், எத்தனை ரயில் நிலையத்தில் காத்திருந்தாள்! அந்த மனுஷன் வாயிலிருந்து அது ஒரு தரம்கூட வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. வந்த நேரத்தில் நேரம் இல்லை. இருந்ததையெல்லாம் அவளே வேனில் வைத்துத் திருகித் தீர்த்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும். இந்த நிமிடமே சொன்னால் அவர் துள்ளி எழுந்து, டிரைவரை உலுக்கி, மலையை அரை மணியில் தாண்ட வைப்பார். அதில் அவர் புலி. கப்பலைப் பிடித்தாலும் பிடித்துவிடலாம். பிடித்துவிட்டால், மிச்சப் பயணம் முழுக்க, மிச்ச வாழ்க்கை முழுக்க, "ஒரு தடவை நேரம் இருக்குன்னு சொன்னேன், என்ன ஆச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னொரு தரம் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார்.

தண்ணீருக்குள்ளிருந்து பெரியவள் கூப்பிட்டாள். திட்டு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"ஏங்க, அந்த வாட்ச்..." என்று ஆரம்பித்தாள்.

"வாட்சை நான் பார்த்துக்கறேன். அதுதானே என் வேலை! நீ கிளம்பு." எழுந்து போய் வேனின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட், ரைட்!"

செருப்பைக் கழற்றினாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குளோரின் வாடை இல்லை. காலுக்கு அடியில் ஓடு இல்லை, மணல் நழுவியது. புடவை மேலே மிதந்தது. பக்கத்தில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே அதை அவள் இடுப்பில் சொருகிவிட்டாள். பெரியவள் முதல் அடியை அடித்தாள். தொம். வரிசை பதில் சொன்னது. டீச்சரும் அடித்தாள். சளப் என்று அசிங்கமாக ஒரு சத்தம் வந்து, தண்ணீர் அவள் முகத்திலேயே தெறித்தது. யாரும் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி சளப். குளத்தில் ஓரத்திலிருந்து அடித்த கைக்கு நடுவில் நின்று அடிக்கத் தெரியவில்லை. எரிச்சலாக வந்தது. இதற்காகவா எல்லாவற்றையும் காற்றில் விட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கட்டை விரலை உள்ளே அழுத்தினாள். அத்தனை வருஷத்து எரிச்சலையும் தோளுக்குக் கொண்டுவந்து, குவித்த கையைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

தொம்.

அது அவளுடைய அடி. வயிற்றில் கேட்டது, முழங்காலில் கேட்டது. பெரியவள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். வரிசை அந்த அடியை வாங்கிக்கொண்டு இரண்டாக, நாலாகத் திருப்பிக் கொடுத்தது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். எப்போது கடைசியாக இப்படிச் சிரித்தாள் என்று நினைவில்லை.

அப்போதுதான் மலைக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நீளமாக, கனமாக, ஒரு கப்பல் ஊதியது. மரங்களிலிருந்து பறவைகள் எழும்பின. மறுபடி ஊதியது. நிழலில் படுத்திருந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்தான். வரிசையில் இரண்டு மூன்று பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் கரையைப் பார்த்தாள். டைம்கீப்பர் முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரின் விளிம்பில் நின்றிருந்தார். மணிக்கட்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, வாழ்நாளில் முதல் தடவையாக அவசரமே இல்லாமல் கையை ஆட்டினார்.

"அது வேற ஏதோ கப்பல்!" என்று கத்தினார். "நம்மளுதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு! நீ அடி!"

அவள் கையைக் குவித்தாள். கட்டை விரலை உள்ளே அழுத்திக்கொண்டாள். கரைக்கு ஏறியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, அடித்தாள்.